பைபர் படகுக்குப் பளபளப்பு: கடலோரக் கடைக்காரர் அறிந்திருக்க வேண்டியவை

கடற்கரை ஊர்களில் மளிகைக் கடை என்பது அரிசி, பருப்பு, எண்ணெயோடு முடிந்துவிடுவதில்லை. நைலான் கயிறு, தூண்டில் முள், டார்ச் லைட், பெயிண்ட், உப்புத்தாள் என்று மீனவக் குடும்பங்கள் கேட்கும் எல்லாவற்றையும் வைத்திருந்தால்தான் வாடிக்கை நிலைக்கும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நமது கடற்கரையில் கட்டுமரங்களின் இடத்தைப் பெருமளவு பைபர் படகுகள் பிடித்துக்கொண்டன. அவற்றுக்கான சரக்கும் நம் கடைகளுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

"அண்ணாச்சி, படகு வெளுத்துப் போச்சு. பளபளன்னு வர்ற மாதிரி ஏதாவது குடுங்க" என்று ஒருவர் கேட்டால், பெரும்பாலும் நாம் எடுத்துக் கொடுப்பது எனாமல் பெயிண்ட் டின்தான். மாவு பூத்த பரப்பின் மேல் அடித்த பெயிண்ட் சீக்கிரமே செதில் செதிலாக உரிந்துவிடும். வாடிக்கையாளர் பெயிண்ட் கம்பெனியைத் திட்டமாட்டார், விற்றவரைத்தான் திட்டுவார். எனவே இந்தச் சரக்கைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு விற்பது நமக்கும் நல்லது, அவருக்கும் நல்லது.

பளபளப்பு எங்கே இருக்கிறது?

பைபர் படகின் நிறமும் மினுமினுப்பும் பெயிண்டால் வருவதல்ல. அச்சில் படகு வார்க்கும்போது முதல் பூச்சாக நிறம் கலந்த ரெசினைப் பூசுவார்கள். இதற்கு ஜெல்கோட் என்று பெயர். இதன் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர்தான். அதன் பின்புறம்தான் கண்ணாடி இழைப் பாயும் ரெசினும் அடுக்கடுக்காக வருகின்றன.

வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் இந்த ஜெல்கோட்டின் மேற்பரப்பைச் சிதைக்கிறது. பிடிப்பு விட்டுப்போன நிறப்பொடி வெள்ளை மாவு போல மேலே பூக்கிறது. கையால் தடவினால் விரலில் ஒட்டும். கண்ணுக்குத் தெரியாத சிறு குழிகளில் அழுக்கும் உப்பும் சேர்கின்றன. சிவப்பு, நீலம் போன்ற அழுத்தமான நிறங்களில் இது பளிச்சென்று தெரியும்.

கெட்டுப்போனது மேல் தோல் மட்டுமே. அதற்கு அடியில் நல்ல ஜெல்கோட் இருக்கிறது. மேல் தோலை மெல்லத் தேய்த்து எடுத்தால் பழைய பளபளப்பு வெளியே வரும். ஆனால் இருப்பதே அரை மில்லிமீட்டர் என்பதால், தேய்க்கும் ஒவ்வொரு முறையும் முதலில் கொஞ்சம் கரைகிறது என்பதை மறக்கக் கூடாது.

விற்கும் முன் மூன்று கேள்விகள்

1. படகுக்கு ஏற்கெனவே பெயிண்ட் அடித்திருக்கிறதா? தெரியவில்லை என்றால், மறைவான ஓர் இடத்தில் தின்னர் நனைத்த துணியால் தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரண எனாமலாக இருந்தால் இளகித் துணியில் நிறம் ஒட்டும். பெயிண்ட் அடித்த படகுக்குக் கம்பவுண்டு விற்பதில் பயனில்லை.

2. தண்ணீர் ஊற்றினால் நிறம் தெரிகிறதா? வெளுத்த இடம் நனைந்தவுடன் பழைய நிறம் பளிச்சென்று தெரிந்தால், மெருகேற்றி மீட்டுவிடலாம். காய்ந்ததும் மறுபடி வெளுப்பது இயல்புதான்.

3. இழை வெளியே தெரிகிறதா, வெடிப்பு இருக்கிறதா? இருந்தால் அது பாலிஷ் வேலை அல்ல. ரெசின் போட்டு ஒட்டுப்போட வேண்டிய வேலை. பைபர் வேலை தெரிந்தவரிடம் அனுப்பிவிடுவதே நேர்மை. அந்த இடத்தில் முன்கூட்டியே மெழுகு பூசிவிட்டால் பிறகு ரெசின் ஒட்டாது.

வேலையின் வரிசை

முதலில் நல்ல தண்ணீரிலும் சோப்பிலும் உப்பும் அழுக்கும் போகக் கழுவ வேண்டும். துரு, பழுப்புக் கறை இருந்தால் ஆக்சாலிக் அமிலக் கரைசலைத் தடவி நன்றாகக் கழுவிவிடலாம். கையுறை அவசியம்.

லேசான வெளுப்புக்கு ரப்பிங் கம்பவுண்டு மட்டும் போதும். கனமாக மாவு பூத்திருந்தால் வாட்டர் பேப்பர் வேண்டும். 800, 1000, 1200 என்ற வரிசையில் தண்ணீர் விட்டுத் தேய்த்த பிறகே கம்பவுண்டு. எண் கூடக் கூடத் தாள் நைசாகும். பலரும் வேலை சீக்கிரம் முடியும் என்று எண்ணி 220-ம் நம்பர் தாளைக் கேட்பார்கள். அது ஜெல்கோட்டில் ஆழமான கீறல்களைப் போட்டுவிடும். அவற்றை அழிப்பதற்குள் பாதிப் பூச்சு போய்விடும். உலர்த்தித் தேய்த்தால் தூசி மூச்சில் போகும். தண்ணீர் விட்டுத் தேய்ப்பதே நல்லது. அடியில் வேறு நிறமோ இழையோ தென்பட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

பஃபிங் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால் சூடேறி ஜெல்கோட் கருகும். முனைகளிலும் ஓரங்களிலும் கையால் தேய்ப்பதே மேல்.

கடைசியில் மெழுகு. பளபளப்பைக் காப்பது இதுதான். நிழலில், படகின் சூடு தணிந்த பிறகு மெல்லியதாகப் பூசி, காய்ந்ததும் சுத்தமான துணியால் துடைக்க வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு இது நிரந்தரமல்ல; சில மாதங்களுக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். ஒழுங்காக மெழுகு பூசி வந்தால் மறுபடி மறுபடி தேய்க்கும் தேவை குறையும். படகின் உள்ளே ஆட்கள் கால் வைக்கும் இடத்தில் மட்டும் மெழுகு கூடவே கூடாது. வழுக்கி விழுந்தால் கடலில் உயிருக்கு ஆபத்து.

என்ன சரக்கு வைக்கலாம்?

பெரிய முதலீடு தேவையில்லை. மேலே சொன்ன மூன்று நம்பர் வாட்டர் பேப்பர், ரப்பிங் கம்பவுண்டு, மெழுகு பாலிஷ், கையுறை, முகக்கவசம், துடைப்பதற்குப் பனியன் வேஸ்ட் ஆகியவை போதும். கார்களுக்கு விற்கும் கம்பவுண்டையும் பயன்படுத்தலாம். ஆனால் ஜெல்கோட் கார் பெயிண்டைவிடக் கெட்டியானது என்பதால் நைஸ் ரகம் மட்டும் போதாது, சற்றுக் கரகரப்பான ரகமும் வேண்டும். மூடி திறந்த டின் காய்ந்துவிடும். எனவே சிறு டின்களாகக் கொள்முதல் செய்யுங்கள். சிலிக்கான் கலந்த டயர் பாலிஷ், டாஷ்போர்டு ஸ்பிரே வகைகளைப் படகுக்குக் கொடுக்காதீர்கள். அன்றைக்கு மின்னும், பிறகு பெயிண்டோ ரெசினோ ஒட்டாது.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். குமரி மாவட்ட மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. விசைப்படகுகளின் பழுது வேலை அப்போதுதான் மும்முரமாக நடக்கும். சிறு பைபர் படகுகளுக்கு இந்தத் தடை இல்லை. கடல் கொந்தளிப்பால் தொழிலுக்குப் போகாத நாட்களில் அவர்கள் கேட்டு வருவார்கள். இதைக் கணக்கிட்டு இருப்பு வைத்தால் பணம் முடங்காது.

மளிகையோடு கலக்கக் கூடாதவை

லாபத்தைவிட முக்கியமானது இது. ஆக்சாலிக் அமிலம் பார்வைக்கு உப்பு, சர்க்கரை போல இருக்கும், ஆனால் விஷம். அதைச் சில்லறையாகப் பொட்டலம் கட்டி விற்காதீர்கள். பெயர் அச்சிட்ட பாக்கெட்டாகவே வாங்கி, அப்படியே விற்க வேண்டும்.

ரெசினும் விற்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ரெசினில் உள்ள ஸ்டைரீன் வாடையை அரிசி, டீத்தூள் போன்றவை இழுத்துக்கொள்ளும். அது தீப்பற்றக் கூடியதும் ஆகும். ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட், தண்ணீர் போலவே தெளிவாக இருக்கும். கண்ணில் ஒரு துளி பட்டாலும் பார்வை போகக்கூடும். பட்டால் உடனே 15 நிமிடமாவது தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்து டாக்டரிடம் போக வேண்டும். இதைத் தண்ணீர் பாட்டிலிலோ கலர் பாட்டிலிலோ ஊற்றிக் கொடுப்பது பெருங்குற்றம்.

கேட்டலிஸ்டையும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் நேரடியாகக் கலந்தால் தீப்பற்றி வெடிக்கும். இரண்டையும் ஒரே தட்டில் அடுக்காதீர்கள். ஒரே பையில் போட்டுக் கொடுக்காதீர்கள். கோபால்ட்டை ரெசினில் முதலில் நன்றாகக் கலக்கிய பிறகே கேட்டலிஸ்ட் சேர்க்க வேண்டும் என்பதை வாங்குபவரிடம் ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள்.

உணவுப் பொருள் விற்கும் இடத்தில் ரசாயனங்களைப் பெயர் எழுதித் தனியே வைக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு உரிம விதிகளிலும் உள்ளது. தனி அறை இல்லாதவர்கள் ரெசின் வியாபாரத்தைத் தொடாமல், தாள், கம்பவுண்டு, மெழுகோடு நிறுத்திக்கொள்வதே உத்தமம்.

படகு வைத்திருப்பவர் நம்மிடம் ஆண்டு முழுவதும் மளிகை வாங்குபவர். அவரிடம் ஒரு பெயிண்ட் டின்னை அதிகமாக விற்பதைவிட, "இதற்குப் பெயிண்ட் தேவையில்லை, முதலில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்" என்று சொல்லும் கடைக்காரரிடம்தான் அவர் அடுத்த மாதமும் கணக்கு வைப்பார்.