பட்டமா, பந்தா?

பத்தொன்பது வயது இளைஞன் ஒருவன் பல்கலைக்கழகத்தில் முதலாண்டுப் படிப்பை முடித்திருக்கின்றான். படிப்பை அத்துடன் நிறுத்திவிட்டுப் பந்தாட வந்தால் ஆண்டுக்குப் பல இலட்சம் டொலர் கிடைக்கும் என்ற நிலை அவனுக்கு உண்டாகின்றது. அவன் யாது செய்தல் வேண்டும்? நம் வீடுகளில் இதைக் கேட்டால் விடைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அப்பாச்சி முதல் அயல்வீட்டு மாமா வரை எல்லோரும் ஒரே குரலில், "முதலிற் பட்டம், பிறகு பந்து" என்பர். அமெரிக்காவிலோ இந்தக் கேள்வி அரை நூற்றாண்டுக்கு மேலாக நீதிமன்றம் வரை சென்றும் தீர்ந்தபாடில்லை.

காரணத்தை அறிய அந்நாட்டு வழமையைச் சிறிது அறிதல் நன்று. நம் நாட்டிற் பல்கலைக்கழக விளையாட்டு மாணவரின் ஓய்வுநேர முயற்சி. அங்கே கூடைப்பந்தாட்டத்தின் நாற்றுமேடையே பல்கலைக்கழகந்தான். முதற்றரப் பிரிவில் மட்டும் 350க்கு மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் ஆடுகின்றன. மார்ச் மாதப் போட்டிகளைக் காட்டும் உரிமைக்குத் தொலைக்காட்சி நிலையங்கள் கோடிக்கணக்கில் டொலர் கொடுக்கின்றன. புகழ்பெற்ற பயிற்றுநர் பலர் தம் பல்கலைக்கழகத் தலைவரைவிட அதிக சம்பளம் பெறுகின்றனர். ஆனால் மைதானத்தில் வியர்வை சிந்திய மாணவனுக்கு நெடுங்காலமாகக் கிடைத்தது உபகாரச் சம்பளம் ஒன்றே: படிப்புச் செலவு, உணவு, உறைவிடம். அதற்கு மேல் ஒரு சதம் வாங்கினாலும் அவன் ஆடும் உரிமையை இழப்பான்.

மறுபுறத்தில் தொழில்முறைக் குழுக்கள் முப்பது. அவை ஆண்டுக்கொருமுறை இரண்டு சுற்றுக்களில் ஏறத்தாழ அறுபது பேரைத் தெரிவு செய்கின்றன. ஐரோப்பாவிலிருந்தும் ஆபிரிக்காவிலிருந்தும் வருவோரும் அந்த அறுபதில் அடக்கம். முதற் சுற்றில் தெரிவானவனுக்குத் தொடக்க ஆண்டுகளின் சம்பளம் உறுதி. இரண்டாஞ் சுற்றில் வருபவனுக்கு அந்த உறுதி இல்லை.

தொடக்கத்தில் தேசியக் கூடைப்பந்துச் சங்கம் ஒரு விதி வைத்திருந்தது. உயர்பள்ளியை விட்டு நான்கு ஆண்டு கழியுமுன் எவரையும் சேர்ப்பதில்லை என்பதே அது. மாணவர் நலங் கருதிய விதிபோலத் தோன்றும். ஆனால் பல்கலைக்கழகங்கள் செலவின்றிப் பயிற்றி அனுப்பும் ஆட்டக்காரரைப் பெற்றுக்கொள்வது சங்கத்துக்கும் இலாபமே. 1958ல் கன்சாஸ் பல்கலைக்கழகத்தை மூன்றாம் ஆண்டு முடிவில் விட்டு விலகிய வில்ட் சேம்பர்லின், இந்த விதியால் ஓராண்டு முழுதும் ஹார்லெம் குளோப்றொட்டர்ஸ் என்னும் வேடிக்கைக் குழுவுடன் ஊரூராகச் சுற்ற நேர்ந்தது.

விதியை எதிர்த்து நின்றவர் ஸ்பென்சர் ஹேவுட். 1949ல் மிசிசிப்பி மாநிலத்தில் சில்வர் சிற்றி என்ற சிற்றூரிற் பிறந்தவர். பத்துப் பிள்ளைகளுள் ஒருவர். தாயார் பருத்தி பறித்துப் பிள்ளைகளை வளர்த்தார். 1968ல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில், பத்தொன்பது வயதில், அமெரிக்கா தங்கப்பதக்கம் பெற முன்னின்று ஆடினார். டெட்ரோயிட் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு ஆடியபின், அக்காலத்தில் இயங்கிய போட்டிச் சங்கமொன்றிற் சேர்ந்து பணத்திற்கு ஆடத் தொடங்கினார். 1970ல் சியாட்டில் குழு அவரை அழைத்தபோது, நான்கு ஆண்டு நிறையவில்லை என்று தேசியச் சங்கம் மறித்தது. வழக்கு நடந்துகொண்டிருந்த நாட்களில், "சட்டவிரோத ஆட்டக்காரர் ஒருவர் மைதானத்தில் நிற்கின்றார்" என ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள் என்று பிற்காலத்தில் அவர் கூறியிருக்கின்றார். 1971 மார்ச்சில் அமெரிக்க உயர் நீதிமன்றம், அவர் ஆடுவதைத் தடுக்கலாகாது என்ற கட்டளையை மீண்டும் நிலைநிறுத்தியது.

தோற்ற சங்கம் உடனே புதிய விதி ஒன்றைக் கண்டுபிடித்தது. குடும்பத்தில் வறுமை உண்டென்று காட்டினால் முன்கூட்டியே வரலாமாம்! வீட்டில் அடுப்பெரியவில்லை என்பதை ஓர் இளைஞன் மெய்ப்பித்த பின்னரே உழைக்க அனுமதி. செல்வர் வீட்டுப் பையன் பாட்டுப் பாடவோ கடை திறக்கவோ போனால் எவரும் இத்தகைய சான்று கேட்பதில்லை. இந்த நிபந்தனை 1976ல் நீங்கியது.

அதன்பின் கதவு அகலத் திறந்தது. 1995ல் கெவின் கார்னெட், 1996ல் கோபி பிரையன்ட், 2003ல் லெப்ரோன் ஜேம்ஸ் ஆகியோர் உயர்பள்ளியிலிருந்தே நேராகத் தொழிலுக்குச் சென்று கோடீசுவரராயினர். இப்பெயர்களை எல்லோரும் அறிவர். அதே வழியில் 1998ற் சென்ற கோர்லியோன் யங்கை அறிந்தவர் சிலரே. இரண்டாஞ் சுற்றில் நாற்பதாமவராகத் தெரிவாகி, டெட்ரோயிட் குழுவுக்காக மூன்றே மூன்று ஆட்டங்கள் ஆடினார். தொழில்முறைப் பந்தாடியவர் என்பதால் கல்லூரிக் குழுவின் கதவும் அவருக்கு மூடிவிட்டது.

இத்தகையோரைக் காட்டியே 2005ல் வயதெல்லை உயர்த்தப்பட்டது. பத்தொன்பது வயது நிரம்பி, உயர்பள்ளியை விட்டு ஓராண்டு கழிய வேண்டும் என்றாயிற்று. விளைவு யாது? கெட்டிக்காரப் பையன்கள் ஓராண்டு மட்டும் பல்கலைக்கழகத்திற் தலைகாட்டிப் போயினர். இதைக் கல்வி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. 2019 பெப்ரவரியில் டியூக் பல்கலைக்கழகத்தின் சயன் வில்லியம்சன், வட கரோலினாவுக்கு எதிரான ஆட்டத்தின் முதல் நிமிடத்திலேயே சப்பாத்து வெடித்துக் கீழே விழுந்து முழங்காலை நோகடித்துக்கொண்டார். அந்த ஆட்டத்தைப் பார்க்க மக்கள் ஆயிரக்கணக்கான டொலர் கொடுத்திருந்தனர். விழுந்தவருக்கோ சம்பளம் இல்லை. நல்ல வேளையாகக் காயம் சிறிது. அவ்வாண்டிலேயே முதலாமவராகத் தெரிவானார்.

தங்கியதால் நட்டமடைந்தோரும் உளர். ஒஹாயோவின் ஜாரெட் சலிஞ்சர் 2011ற் சென்றிருந்தால் முன்வரிசையில் தெரிவாகியிருப்பார் என்றே பலரும் எழுதினர். அவர் மேலும் ஓராண்டு தங்கினார். 2012ல் மருத்துவர்கள் முதுகுத்தண்டைக் குறித்து ஐயம் எழுப்ப, இருபத்தொன்றாம் இடத்துக்கு இறங்கினார். இதற்கு மாறாக, 2006ற் புளோரிடாப் பல்கலைக்கழகத்துக்கு வெற்றி தேடித்தந்த ஜோவாகிம் நோவா, அல் ஹோர்போர்ட், கோரி புரூவர் மூவரும் பெரும் பணத்தைத் தள்ளிவைத்து மறுபடி வந்தனர். 2007ல் மீண்டும் கிண்ணத்தை வென்றபின் மூவரும் முதல் ஒன்பது இடங்களுக்குள் தெரிவாயினர்.

ஆகவே முதற் சுற்றில் இடம் உறுதியான இளைஞன் போவதே முறை என்பது என் அபிப்பிராயம். பட்டம் காத்திருக்கும், முழங்கால் காத்திராது. மைக்கேல் ஜோர்டன் 1984ல் வட கரோலினாவை விட்டுச் சென்று 1986ற் பட்டம் பெற்றார். ஷக்கீல் ஓநீல் 1992ல் விலகி, தாய்க்குக் கொடுத்த வாக்கின்படி 2000த்தில் முடித்தார். வின்ஸ் கார்ட்டரோ 2001 மே 20ஆம் திகதி காலையிற் பட்டமளிப்பு விழாவில் அமர்ந்துவிட்டு, விமானமேறி அன்றே பிலடெல்பியாவில் முக்கிய ஆட்டம் ஆடினார். இறுதிக் கணத்தில் அவர் எறிந்த பந்து தவறி, குழு ஒரு புள்ளியால் தோற்றது. விழாவுக்குப் போனதே காரணம் என்று அவரை ஏசியவர்கள் எத்தனை பேர்! டிம் டங்கன் வேறு வகை. இறந்துபோன தாய்க்குக் கொடுத்த வாக்கைக் காப்பதற்காக நான்கு ஆண்டும் படித்து, 1997ல் உளவியலிற் பட்டம் பெற்றே வெளியேறினார்.

நாம் கவலைப்பட வேண்டியவன் நடுத்தர ஆட்டக்காரன். அறுபதுக்குள் வருவானோ மாட்டானோ என்றிருப்பவன். வீட்டிலே கடன், ஊரிலே புகழ்ச்சி. அவனைத் தடுத்து நிறுத்த ஐம்பதாண்டுகளாக விதிகள் எழுதினர். விதியாற் செய்ய முடியாததைக் கூலி செய்துவிட்டது. 2021 ஜூலை முதல் மாணவர் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் பெறலாம் என்றாயிற்று. 2025ல், பல்கலைக்கழகங்களே தம் விளையாட்டு மாணவருக்கு ஆண்டுக்கு மொத்தம் 2 கோடியே 5 இலட்சம் டொலர் வரை பகிர்ந்தளிக்கவும் நீதிமன்றம் ஒப்புதல் அளித்தது. 2021ற் படிப்பு முடியுமுன் தெரிவுக்குப் பெயர் கொடுத்தோர் 353 பேர். 2025ல் 106 பேர்.

இவர்கள் தங்குவது படிப்புக்காகத்தானா என்று கேட்பின், விடை சொல்வது கடினம். 2024ல் மாணவர் எத்தனை முறையும் குழு மாறலாம் என்றாயிற்று. ஆண்டுக்கொரு பல்கலைக்கழகம் என்று கூடுதற் பணம் தரும் இடத்தைத் தேடி அலைபவர் பலர். ஓரிடத்திற் படித்த பாடங்கள் எல்லாவற்றையும் மற்றோரிடம் எப்போதும் ஏற்பதில்லை. நான்கு ஆண்டின் முடிவிற் கையிற் பணம் இருக்கின்றது. பட்டத்துக்கோ இன்னும் பல பாடங்கள் மீதி நிற்கின்றன.