ஐபாடுக்குப் புளூடூத் காது

2014 செப்டம்பரில் ஐபாட் கிளாசிக் என்ற மியூசிக் பிளேயரின் விற்பனையை ஆப்பிள் நிறுத்தியது. அப்போது அதன் கொள்ளளவு 160 ஜிபி. நாற்பதாயிரம் பாடல்கள் பிடிக்கும் என்று விளம்பரம் செய்திருந்தார்கள். ஆனால் புளூடூத் மட்டும் அதற்குக் கடைசிவரை வாய்க்கவில்லை. 2012-இல் வந்த குட்டி ஐபாட் நானோவில்கூட அந்த வசதி இருந்தது. பிறகு 2016-இல் ஐபோன் 7 ஹெட்போன் துளையே இல்லாமல் வந்தது, அதே ஆண்டு ஏர்பாட்ஸும் வந்தது, வயர் இல்லாமல் கேட்பது ஊர்ப்பழக்கம் ஆனது.

அதனால் இன்று ஒரு விசித்திரமான நிலை. பழைய பிளேயரைப் பீரோவிலிருந்து தேடி எடுப்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். அழைப்பு கிடையாது, வாட்ஸ்அப் மணி கிடையாது, பாட்டு மட்டும்தான் என்பது அதன் பெரிய கவர்ச்சி. சிடியிலிருந்து ஏற்றிவைத்த, எந்தச் செயலியிலும் கிடைக்காத பாடல்களும் அதில் இருக்கும். ஆனால் வீட்டில் இருக்கும் நல்ல ஹெட்போனோ புளூடூத்தில் மட்டும்தான் பேசும்.

இரண்டையும் சேர்த்துவைக்க ஒரு சின்னக் கருவி போதும். பெயர் புளூடூத் டிரான்ஸ்மிட்டர். பிளேயரின் 3.5 மி.மீ. துளையில் செருகினால் அது பாட்டை வாங்கி ஹெட்போனுக்கு அனுப்பும். கடையில் கேட்கும்போதுதான் கவனம் வேண்டும். அச்சு அசல் அதே போல இருக்கும் இன்னொரு பொருளும் உண்டு, அது ரிசீவர். போனிலிருந்து வரும் பாட்டை வாங்கிக் காரின் ஸ்பீக்கருக்குக் கொடுப்பது அதன் வேலை. அதை ஐபாடில் செருகி நாள் முழுக்கக் காத்திருந்தாலும் சத்தம் வராது. ‘புளூடூத் உண்டு’ என்று அட்டையில் போட்டிருந்தால் மட்டும் போதாது, அனுப்புமா வாங்குமா என்று கேட்க வேண்டும். 2017-இல் அறிமுகமாகி, ஐயாயிரம் பாடல்களோடு வீடுவீடாகப் போன சரிகம கார்வான் பாட்டுப்பெட்டியிலும் இதே கதைதான். முதலில் வந்த பெட்டியின் புளூடூத், போனில் ஓடும் பாட்டைத் தன் ஸ்பீக்கரில் ஒலிக்கவைப்பதற்கானது.

இணைக்கும்போது இன்னொரு தொல்லை வரும். ஹெட்போனை ஆன் செய்ததும் அது பழகிய போனைத்தான் முதலில் தேடும். எனவே போனில் புளூடூத்தை அணைத்துவிட்டு, டிரான்ஸ்மிட்டர், ஹெட்போன் இரண்டையும் பேரிங் நிலையில், அதாவது புதிய இணைப்புக்குத் தயாரான நிலையில், பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். திரை இல்லாத கருவி என்பதால் விளக்கு மினுக்குவதை நிறுத்துவதே சம்மதம்.

சேர்ந்த பிறகு ஹெட்போனின் பொத்தானை அழுத்தினால் அடுத்த பாட்டு வராது. டிரான்ஸ்மிட்டர் அந்தத் துளையிலிருந்து பொதுவாக ஒலியை மட்டும்தான் எடுக்கும், கட்டளை எதையும் உள்ளே திருப்பி அனுப்பாது. ஒலியளவோ இரண்டு இடத்தில் இருக்கும். பிளேயரில் முக்கால் பங்கு வைத்துவிட்டு மீதியை ஹெட்போனில் கூட்டிக் குறைப்பது நல்லது. பிளேயரில் மிகக் குறைத்தால் இரைச்சல் தெரியும், உச்சத்தில் வைத்தால் ஒலி கரகரக்கும். பிள்ளைகளுக்காக ஐபாடில் ஒலிக்கு உச்சவரம்பு வைத்திருக்கும் பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹெட்போன் தானே ஒலியைப் பெருக்கிக்கொள்வதால் அந்த வரம்பு இங்கே காவல் காக்காது.

ஒலியின் தரம் எப்படி? சிடியில் ஒரு வினாடி இசைக்கு 1,411 கிலோபிட் தகவல் இருக்கிறது. எல்லாப் புளூடூத் ஹெட்போனுக்கும் பொதுவான எஸ்பிசி முறையில் வழக்கமான உச்சம் 328 கிலோபிட். சோனியின் எல்டாக் 990 வரை போகும், ஆனால் அனுப்பும் கருவி, வாங்கும் கருவி இரண்டிலும் அது இருந்தாக வேண்டும். ஒன்றில் இல்லையென்றால் இரண்டுக்கும் பொதுவான முறைக்கு இறங்கிவிடும். ஏற்கெனவே எம்பி3-ஆகச் சுருக்கிய பாட்டைப் பிளேயர் விரிக்க, டிரான்ஸ்மிட்டர் மறுபடி சுருக்குகிறது. ஜெராக்ஸை மீண்டும் ஜெராக்ஸ் எடுப்பது மாதிரி. பேருந்திலும் நடைப்பயிற்சியிலும் இந்த வித்தியாசம் காதில் விழாது. நள்ளிரவில் அமைதியான அறையில், நுணுக்கமான வீணை ஆலாபனையில், பழகிய காதுக்கு ஒருவேளை விழலாம். ஆயிரக்கணக்கில் செலவழித்து உயர்தர பிளேயர் வாங்கிவிட்டு எஸ்பிசி-யில் கேட்பது மட்டும் வீண்செலவு.

பாட்டு விட்டுவிட்டு வந்தால் கருவியைத் திட்டுவதற்கு முன் சட்டைப்பையை மாற்றிப் பார்க்கலாம். புளூடூத் ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளை நீர் உறிஞ்சும். மனித உடலில் பெரும்பகுதி நீர்தான். பிளேயர் இடது பின்பையில், ஹெட்போனின் அலை வாங்கும் பகுதி வலது காதில் என்றால் நடுவில் உடல் மறிக்கும். பல வைஃபை இணைப்புகளும் அதே அலைவரிசையில் நெரிசல் செய்கின்றன. புளூடூத்தில் படம் பார்க்கும்போது உதட்டுக்கும் ஒலிக்கும் இடையே தெரியும் தாமதம் பாட்டு கேட்பவருக்குப் பொருட்டே இல்லை.

இத்தனைக்குப் பிறகும், வீட்டில் உட்கார்ந்து கேட்பவருக்கு வயரே மேல். பேட்டரி தீராது, இணைப்பு அறாது. காதை மூடும் பெரிய ரக வயர்லெஸ் ஹெட்போன்கள் பலவற்றில் வயர் மாட்டும் துளையும் உண்டு. டிரான்ஸ்மிட்டருக்குப் பணம் கொடுக்குமுன் உங்களுடையதில் அது இருக்கிறதா என்று ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.