படம் தெளிவா இருந்தாத்தான் நோய் தெரியும்!



சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் எந்தக் குழுக் கூட்டத்துக்குப் போனாலும் நாங்கள் கேட்கிற பேச்சு இது: "விரலை மடக்க முடியல, மணிக்கட்டு வீங்கிக் கிடக்கு. சரம் பின்னுற கை அப்படித்தான் இருக்கும்." எல்லா வலியும் வேலை வலி இல்லை. அதைத்தான் இந்த இதழில் சொல்ல வந்திருக்கிறோம்.

வேலை வலியா, வாத நோயா?

வேலையால் வரும் வலி, ஓய்வெடுத்தால் குறையும். முடக்குவாதம் போன்ற அழற்சி நோய் இதற்கு நேர்மாறு. காலையில் எழுந்திருக்கும்போது மூட்டெல்லாம் விறைத்துப் போயிருக்கும். விறைப்பு விட அரை மணி, ஒரு மணி நேரம்கூட ஆகும். நடமாட நடமாட வலி குறையும். பெரும்பாலும் இரண்டு கையிலும் ஒரே மாதிரி வீக்கம் வரும். நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுக்குள் இருக்கும் சவ்வைத் தாக்குவதால் வருகிற நோய் இது. ஆண்களைவிடப் பெண்களுக்கு 2 முதல் 3 மடங்கு அதிகம் வருகிறது. கவனிக்காமல் விட்டால் எலும்பு அரித்து, விரல் கோணிப் போகும். கோணிய விரல் மாத்திரையால் நிமிராது. சீக்கிரம் கண்டுபிடித்து மருந்து எடுத்தால் கையைக் காப்பாற்றலாம்.

எம்.ஆர்.ஐ. எதுக்கு?

எல்லாருக்கும் இந்த ஸ்கேன் தேவையில்லை. முதலில் டாக்டர் கையைத் தொட்டுப் பார்ப்பார். ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுக்கச் சொல்வார். ஆனால் எலும்பு அரித்த பிறகுதான் எக்ஸ்ரேயில் தெரியும். சவ்வு வீங்குவதையும் எலும்புக்குள் நீர் கோர்ப்பதையும் எம்.ஆர்.ஐ. முன்கூட்டியே காட்டிவிடும். இதில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. காந்தமும் ரேடியோ அலையும்தான். 1.5 டெஸ்லா மெஷினின் காந்தம், பூமியின் காந்தத்தைப் போல சுமார் 30,000 மடங்கு பலமானது.

இந்தப் படத்தில் கொழுப்பும் வெள்ளையாகத் தெரியும், நீரும் வெள்ளையாகத் தெரியும். அதனால் கொழுப்பை மட்டும் கறுப்பாக்கிவிட்டு ஒரு படம் எடுப்பார்கள். அப்போது வீக்கம் மட்டும் பளிச்சென்று தெரியும். நாம் அசைந்தாலோ, பக்கத்தில் உலோகம் இருந்தாலோ இந்தப் படம் கெட்டுவிடும். மங்கலான படத்தில் ஆரம்ப நோய் தெரியாமலே போகலாம். மறுபடி ஸ்கேன் எடுக்கணும் என்றால், குழுவில் இன்னொரு கடன்தான்!

நல்ல படம் கிடைக்க நாம் செய்ய வேண்டியது

1. எந்த மூட்டு என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். வலிக்கும் மூட்டைப் படத்தின் நடுவில் வைத்து எடுத்தால்தான் தெளிவு வரும். காலையில் இடுப்பு விறைக்கிறவர்களுக்கு, முதுகுத்தண்டின் அடியும் இடுப்பெலும்பும் சேரும் மூட்டைப் பார்க்க வேண்டும். முதுகை மட்டும் எடுத்தால் அது விடுபட்டுப் போகலாம்.

2. தலைக்குக் குளித்து, துவைத்த துணி உடுத்திப் போங்கள். கம்பி மத்தாப்பு மருந்தில் இரும்புத் தூள் இருக்கிறது. வேலை பார்த்த சேலையோடு நேரே ஸ்கேனுக்குப் போகாதீர்கள்.

3. உலோகம் எதுவும் வேண்டாம். மெட்டி, மூக்குத்தி, வளையல், ஹேர்பின், தாலியில் மாட்டிய ஊக்கு எல்லாவற்றையும் கழற்றணும். தங்கத்தைக் காந்தம் இழுக்காது, ஆனால் படத்தைக் கெடுக்கும். "தாலியைக் கழற்றுவதா?" என்று தயங்குகிறவர்கள், அந்த நேரத்துக்கு மஞ்சள் கிழங்கு கோர்த்த வெறும் நூல் கயிற்றைக் கட்டிக்கொள்ளலாம்.

4. ஒளிக்காமல் சொல்லுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர், எலும்பில் பிளேட், காப்பர்-டி, பழைய பச்சை குத்து, வெடி விபத்தில் உடம்பில் தங்கிய துண்டு, கண்ணில் பட்ட இரும்புத் துகள், கர்ப்பம், சிறுநீரகக் கோளாறு என எது இருந்தாலும் ஸ்கேன் அறைக்குள் போகும் முன்பே சொல்லணும்.

5. அசையாமல் இருங்கள். அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஆகலாம். 'டக் டக்' என்று பெரிய சத்தம் வரும்; காதுக்குப் பஞ்சு கேட்டு வாங்குங்கள். கைக்கு எடுக்கும்போது சில இடங்களில் கையைத் தலைக்கு மேல் நீட்டிக் குப்புறப் படுக்கச் சொல்வார்கள். தோள் வலித்தால் முதலிலேயே சொன்னால் தலையணை வைத்துத் தருவார்கள். பாதியில் வலி பொறுக்காமல் அசைந்தால் அந்தப் படம் வீண்.

6. மருந்து ஊசி போட்டால் இன்னும் கவனம். வீங்கிய சவ்வு தனியாகத் தெரிய சிலருக்கு ஊசி போடுவார்கள். போட்ட சில நிமிடங்களுக்குள் படம் எடுக்கணும். நேரம் போனால் மருந்து மூட்டு நீரில் கலந்து, சவ்வு எது நீர் எது என்று பிரிக்க முடியாது.

7. ஸ்டீராய்டு எடுத்திருந்தால் சொல்லுங்கள். கடையில் வாங்கிய வலி மாத்திரையும் அப்படித்தான். வீக்கம் வத்தி, நோய் குறைவாகத் தெரியலாம். அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்தக் கூடாது, டாக்டர்தான் சொல்லணும்.

துணைக்குப் போகிறவர்களுக்கு

ஸ்கேன் ஓடாத நேரத்திலும் காந்தம் வேலை செய்துகொண்டே இருக்கும். 2018 ஜனவரியில் மும்பை நாயர் மருத்துவமனையில், ஆக்சிஜன் சிலிண்டரோடு ஸ்கேன் அறைக்குள் போன உறவினர் ஒருவர், காந்தம் இழுத்த விபத்தில் இறந்தே போனார். செல்போன், சாவிக்கொத்து, சில்லறை எல்லாம் வெளியிலேயே இருக்கட்டும்.

எங்கே போவது?

நம் மாவட்டத்துக்கு 2022 ஜனவரியில் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. முதலில் அங்கே காட்டுங்கள். மேல் சிகிச்சைக்கு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்தும் ஸ்கேன் மையங்களில் கட்டணம் குறைவு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கொண்டு போய், காப்பீட்டுப் பிரிவில் முதலில் கேளுங்கள். பழைய எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனைச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொண்டு போங்கள். ஸ்கேன் முடிந்ததும் ரிப்போர்ட்டோடு படத்தையும் கேட்டு வாங்கி, பத்திரமாக வையுங்கள். அடுத்த வருடம் நோய் குறைந்ததா, கூடியதா என்று ஒப்பிட அதுதான் உதவும்.

ஊக்குநர்களே, இந்த மாதக் கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டுங்கள். "காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் யாருக்குக் கை விறைக்குது?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். கை தூக்கும் அக்காவை, அந்த வாரமே ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வையுங்கள்.