தட்டைக் குறைக்கும் முன் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

2024 அக்டோபரில் நாட்டின் உணவுப் பணவீக்கம் 10.87 சதவீதம், காய்கறிக்கு மட்டும் 42 சதவீதத்தைத் தாண்டியது. அடுத்த ஆண்டு அக்டோபரில் அதே கணக்கு மைனஸ் 5.02 என்று வந்தபோது, விலைவாசி விழுந்துவிட்டதாகச் செய்திகள் வந்தன. மளிகைக் கடையில் நின்றவர்களுக்கு அது நம்பும்படியாக இல்லை. காரணம் எளிது. 2023 அக்டோபரில் 100 ரூபாயாக இருந்த சாமான் ஓராண்டில் ஏறக்குறைய 111 ஆகி, மறு ஆண்டில் 105-க்கு வந்து நின்றது. ஏறியதில் பாதிதான் இறங்கியது. அதுவும் சராசரிதான். காய்கறி மலிந்ததால் சராசரி கீழே வந்தது, எண்ணெய் வரவில்லை. கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கு இல்லாமலிருந்த அடிப்படை இறக்குமதி வரி 2024 செப்டம்பரில் 20 சதவீதமாக விதிக்கப்பட்டு, 2025 மே இறுதியில் 10 ஆனது. வரவில் மிச்சம் பிடிப்பவருக்கு இதெல்லாம் தாங்கும். 2023-24 ஆம் ஆண்டின் நுகர்வுச் செலவு ஆய்வுப்படி, கிராமத்துக் குடும்பச் செலவில் 47 சதவீதமும் நகரத்தில் கிட்டத்தட்ட 40 சதவீதமும் சாப்பாட்டுக்கே போகிறது. அப்படிப்பட்ட குடும்பங்களுக்குத் தாங்காது.

விலை ஏறினால் வீடுகளில் முதலில் நடப்பது என்ன? அரிசி குறையாது. பருப்பு நீர்க்கும், முட்டை வாரம் ஒருமுறையாகும், கீரையும் பழமும் பட்டியலிலிருந்து போகும். பெரும்பாலும் அந்தக் குறைவு சமைப்பவர் தட்டில்தான் விழுகிறது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. அந்த வீடுகளிடம் போய்ச் சிக்கனம் பேசுவது அறிவுரையாகாது. சாப்பாட்டைக் குறைக்கும் முன் வேறொரு கணக்கைப் பார்க்க வேண்டும்: நாம் கொடுக்கும் காசுக்கு உரிய அளவு வீடு வந்து சேருகிறதா, நமக்கு உரிமையுள்ள பொருள் முழுதாகக் கைக்கு வருகிறதா? இந்த இரண்டிலும் ஒழுகும் பணம் பல வீடுகளில் ஒரு மாதப் பருப்புச் செலவை ஈடுகட்டும் என்பது என் வாதம்.

பாக்கெட்டிலிருந்து தொடங்குவோம். அரிசி, மாவு, பருப்பு, டீத்தூள், பிஸ்கட், சமையல் எண்ணெய் உள்ளிட்ட 19 வகைப் பொருள்களை இன்னின்ன அளவுகளில்தான் அடைக்க வேண்டும் என்ற விதி முன்பு இருந்தது. 2021 நவம்பரில் வந்த திருத்தம் அதை நீக்கிவிட்டது. இன்று எந்த அளவிலும் அடைக்கலாம். விலையை ஏற்றினால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். அளவைக் குறைத்தால் பெரும்பாலும் கவனிக்க மாட்டார். எண்ணெயில் இது நன்றாக எடுபடுகிறது, ஏனென்றால் நாம் கேட்பதே “ஒரு பாக்கெட்” என்றுதான். ஒரு லிட்டர் எண்ணெயின் எடை சுமார் 910 கிராம். பக்கத்தில் அதே உயரத்தில் நிற்கும் பாக்கெட்டில் 850 மில்லி மட்டுமே இருக்கலாம். உதாரணமாக, லிட்டர் 150 ரூபாய், 850 மில்லி 135 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 15 ரூபாய் மிச்சம் என்று கை இரண்டாவதற்குத்தான் போகும்; லிட்டர் கணக்கில் அது 158 ரூபாய் 82 காசு.

அளவு நிர்ணயத்தை நீக்கிய அதே திருத்தம் ஈடாக ஒன்றைக் கொடுத்தது. பாக்கெட்டின் மேல், பெரும்பாலும் ‘யு.எஸ்.பி.’ என்ற மூன்றெழுத்துடன், ஒரு கிராமுக்கோ மில்லிக்கோ, பெரிய பாக்கெட் என்றால் கிலோவுக்கோ லிட்டருக்கோ என்ன விலை என்று அச்சிட வேண்டும். இரண்டு பிராண்டுகளை ஒப்பிட இதைவிட நேரான வழி இல்லை. ஆனால் இதை வகுத்தவர்கள் கடைக்குப் போகிறவர்களை மனதில் வைத்ததாகத் தெரியவில்லை. எழுத்து பொடி. மில்லிக்கு 0.15, 0.16 என்று காசுக் கணக்கில் இருந்தால் யாருக்கு உறைக்கும்? அதை ஆயிரத்தால் பெருக்கிக்கொண்டால் 150, 160 என்று வித்தியாசம் தெரியும். இன்னொன்று: பெரிய பாக்கெட்தான் எப்போதும் மலிவு என்பதும் சரியல்ல. சில ஷாம்பூக்களில் பாட்டிலைவிடச் சின்ன சாஷே மில்லிக் கணக்கில் மலிவாக விழும். “ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்” என்பதையும் இந்த ஒரு எண்ணை வைத்தே சோதிக்கலாம்.

விலையிலும் எடையிலும் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் சில்லறைக் கடைக்காரர் வாங்கக் கூடாது. பால் பாக்கெட்டுக்குக் குளிரூட்டும் செலவு என்று கூடுதலாகக் கேட்பதும் இதில் அடங்கும். அச்சிட்டது உச்ச விலை மட்டுமே, அதற்குக் கீழே விற்கத் தடையில்லை. எடைக் கருவியில் முத்திரை இருக்க வேண்டும்; சரிபார்ப்புச் சான்றிதழைக் கடையில் பார்வைக்கு வைக்க வேண்டும். பொருளை வைக்கும் முன் கருவி பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்ப்பது யாரையும் அவமதிப்பதாகாது. பில் தர மறுப்பதும், குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். “விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது” என்று பில்லில் அச்சடித்துவிட்டதால் குறையுள்ள பொருளின் பொறுப்பு கடையை விட்டுப் போய்விடாது. மலிவு தேடுவதில் ஓர் எல்லையும் உண்டு. சமையல் எண்ணெயை உதிரியாக விற்க உணவுப் பாதுகாப்பு விதிகள் பொதுவாக அனுமதிப்பதில்லை. 1998-இல் டெல்லியில் கடுகெண்ணெயில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்து பலர் இறந்ததை நினைத்தால், டின்னிலிருந்து ஊற்றித் தரும் எண்ணெயில் மிச்சமாகும் ரூபாய் வேண்டாம் என்று தோன்றும்.

அடுத்தது ரேஷன். தமிழ்நாட்டில் பொது விநியோகம் ஏழைகளுக்கு மட்டும் என்று சுருக்கப்படவில்லை. அரிசி அட்டைக்கு அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை பெரும்பாலான அட்டைகளுக்குக் கிலோ 25 ரூபாய். துவரம்பருப்பு வெளியில் நூறு ரூபாய்க்குக் கீழ் கிடைப்பது அரிது. பருப்பையும் எண்ணெயையும் தவறாமல் வாங்கும் குடும்பத்துக்கு மாதம் நூற்றைம்பது ரூபாய்க்குக் குறையாமல் நிற்கும். “தரம் சரியில்லை, இழுத்தடிப்பார்கள்” என்பது நியாயமான புகார்தான். அரிசி சில கடைகளில் சில மாதங்களில் சோறாக்க முடியாமல் இருக்கும். இட்லி மாவுக்குப் போகும். ஆனால் வாங்காமல் விட்டால் தரம் உயராது, அந்த ஒதுக்கீடு வேறு வழியில் போகும் வாய்ப்புதான் கூடும். வாங்காத பொருளை வாங்கியதாகக் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்தால் அதை அழித்துவிடாமல் 1967 அல்லது 1800 425 5901 எண்ணில் சொல்ல வேண்டும். கையிலிருக்கும் ஆதாரமே அந்தக் குறுஞ்செய்திதான். சரக்கு வரவில்லை என்றால் அடுத்த மாதம் சேர்த்துத் தருவார்களா என்று கேட்டுவைப்பதும் நல்லது. தேர்தல் நேரத்தில் கொள்முதல் தாமதப்பட்ட 2024 மே மாதப் பருப்பையும் பாமாயிலையும் ஜூனில் பெற அரசு அனுமதித்தது.

இதற்கெல்லாம் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தெருமுனை அண்ணாச்சி கடையில் பற்று எழுதி வாங்கும் குடும்பம் யாரிடம் யு.எஸ்.பி. பார்க்கும், யாரிடம் பில் கேட்கும்? மாதக் கடைசியில் கடன் தரும் ஒரே இடத்தோடு இரண்டு ரூபாய்க்காக மனத்தாங்கல் கொள்ள முடியாது. உண்மை. கடனுக்கு வாங்குபவர் விலையோடு வட்டியையும் சேர்த்தே கொடுக்கிறார், அது நோட்டில் தனியாக எழுதப்படுவதில்லை. ஆகவே முழு மாதச் சாமானையும் பற்றில் போடாமல், எண்ணெய், பருப்பு, புளி, மிளகாய் போல நாள்படத் தாங்கும் நாலைந்து பொருளையாவது சம்பள நாளில் ரொக்கத்துக்குக் கூட்டுறவு அங்காடியிலோ மொத்த விலைக் கடையிலோ வாங்குவது கைக்கெட்டும் வழி. அன்றாடத் தேவைக்கு அண்ணாச்சி கடை இருக்கட்டும். அவரும் பல நேரம் கம்பெனி குறைத்து அனுப்பிய பாக்கெட்டை விற்பவர்தான். தினக்கூலிக் குடும்பத்துக்கு இதுவும் எட்டாமல் போகலாம். அங்கே ரேஷன் ஒன்றுதான் நிச்சயமான பிடி.

இரண்டு ரூபாய்க்கு யார் அலைவது என்பது அடுத்த கேள்வி. அலையத் தேவையில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் வீட்டிலிருந்தே புகார் பதியலாம். பில்லும் பாக்கெட்டின் படமும் போதும். எடை குறைவுக்கும் கூடுதல் விலைக்கும் தமிழ்நாட்டில் நடவடிக்கை எடுப்பது தொழிலாளர் துறை, பலர் நினைப்பதுபோல் உணவு வழங்கல் துறை அல்ல. பெரிய இழப்பு என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். இரண்டு ரூபாய் நமக்குத்தான் சின்னது. ஒரே மாதிரிப் புகார் நூறு வந்தால் ஆய்வுக்கு வர வேண்டிய கடை எது என்று துறைக்குத் தெரியும்.

கடைசியாக, விலையேற்றத்துக்குப் பொறுப்பு அரசும் சந்தையும் இருக்க, சுமையைக் குடும்பத் தலைவியின் தலையில் வைப்பதா என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். தக்காளிக்கு நுகர்வோர் கொடுக்கும் ஒரு ரூபாயில் விவசாயிக்குப் போவது சுமார் 33 காசு என்று ரிசர்வ் வங்கியின் 2024 ஆய்வுக்கட்டுரை மதிப்பிட்டது. மீதி எங்கே போகிறது என்பதை எந்தக் குடும்பமும் பாக்கெட்டைத் திருப்பிச் சரிசெய்ய முடியாது. 1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை அந்த இடைவெளியைக் குறைக்க வந்த ஏற்பாடு. அன்றைய விலையைப் பலகையில் எழுதிவைக்கும் அந்தச் சந்தை எல்லாப் பேட்டைக்கும் நடந்துபோகும் தூரத்தில் இல்லை. 2023 ஜூலையில் தக்காளி நூறைத் தாண்டியபோது சென்னை ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்றுக் காட்டியது அரசு. முடியும் என்பதற்கு அது சான்று. அடிக்கடி வரும் அந்த ஏற்றத்துக்கு முன்பே ஏன் ஆயத்தம் இல்லை என்பது நுகர்வோர் கேட்க வேண்டியது. அதோடு சேர்த்துக் கேட்க இன்னும் சில இருக்கின்றன: சமையல் எண்ணெய்க்கும் பருப்புக்குமாவது பழைய நிர்ணய அளவுகள் திரும்ப வர வேண்டும், யு.எஸ்.பி. எழுத்து அதிகபட்ச விலை அச்சிடும் அதே பருமனில் இருக்க வேண்டும், மில்லிக் கணக்கில் இல்லாமல் லிட்டர் கணக்கிலேயே போட வேண்டும்.