மலையடிவாரத்தில் நிற்கும் காருக்கு யார் காவல்?

பள்ளி விடுமுறை தொடங்கினால் போதும், மேரு, கிள்ளான், ஷா ஆலம் வட்டார மாணவர்கள் பலர் குழுவாக மலையேறக் கிளம்பிவிடுகிறார்கள். காலணி, குடிநீர், மழைச்சட்டை, கைவிளக்கு என எல்லாம் பட்டியலில் இருக்கும். அடிவாரத்தில் பல மணி நேரம் தனியே நிற்கப்போகும் கார் மட்டும் அதில் இருக்காது. இறங்கி வந்து பார்த்தால் வைப்பர் ரப்பர் கிழிந்திருக்கும். பக்கக் கண்ணாடியில் கீறல் விழுந்திருக்கும். "குரங்குச் சேட்டை" என்று திட்டிவிட்டு வீடு திரும்புவோம்.

அந்தக் குரங்கு ஏன் காரிடம் வந்தது என்று கேட்டுப் பார்த்திருக்கிறோமா?

மேருவுக்கு வடக்கே, கோல சிலாங்கூரில் உள்ள புக்கிட் மெலாவத்திக்குச் சென்றவர்களுக்கு லோத்தோங் எனப்படும் வெள்ளி இலைக்குரங்குகளைத் தெரியும். தாய் கருஞ்சாம்பல் நிறம்; குட்டியோ ஆரஞ்சு நிறம். இலையே இவற்றின் முதன்மை உணவு. ஆனால் வருகையாளர்கள் நீட்டும் தீனிக்குப் பழகி, கார்க் கூரையிலும் ஏறி அமர்கின்றன. பத்துமலையில் நாம் காணும் நீண்டவால் குரங்குகளோ, நெகிழிப்பை என்றாலே உணவு என்று கற்றுக்கொண்டவை. பாதி திறந்த கார் ஜன்னல் அவற்றுக்கு ஓர் அழைப்பு. பக்கக் கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தை எதிரி என்று எண்ணித் தாக்கும் குரங்குகளும் உண்டு.

பனிமலை நாடுகளிலும் இதே கதைதான், விலங்குகள்தான் வேறு. மேற்படிப்புக்காக அங்கே செல்லும் நம் மாணவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அமெரிக்காவின் செக்கோயா தேசியப் பூங்காவில் மினரல் கிங் என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்குள்ள மர்மோட் என்ற விலங்கு அணில் குடும்பத்தைச் சேர்ந்தது. ஏறக்குறைய பூனையளவு இருக்கும். குளிர்காலம் முழுவதும் வளைக்குள் உறங்கி, பனி உருகும்போது பசியோடு வெளியே வரும். நிறுத்தியிருக்கும் கார்களின் அடியில் புகுந்து, ரேடியேட்டர் குழாய்களையும் மின்கம்பிகளையும் கடித்துவிடும். அதனால் மலையேறிகள் தரையில் பெரிய தார்ப்பாயை விரித்து, அதன்மேல் காரை நிறுத்தி, நான்கு பக்கமும் தூக்கிக் கட்டிவிட்டுப் போகிறார்கள். திரும்பியதும் என்ஜின் மூடியைத் திறந்து பார்த்த பிறகே காரைக் கிளப்புகிறார்கள். உள்ளே ஒளிந்திருந்த மர்மோட் காரோடு வெகுதூரம் பயணம் போன சம்பவங்களும் உண்டு.

நியூசிலாந்தின் தென்தீவில் கியா என்னும் மலைக்கிளி வாழ்கிறது. அறிவும் ஆர்வமும் மிகுந்த பறவை. கார் ஜன்னலைச் சுற்றியுள்ள ரப்பரையும் ஏரியலையும் அலகால் பிடுங்குவது அதற்கு விளையாட்டு. மனிதர்கள் தீனி போடும் வாகன நிறுத்துமிடங்களில் அது நிரந்தரமாகச் சுற்றத் தொடங்குகிறது.

அமெரிக்காவின் யோசெமிட்டி பூங்காவில் கரடிகள் உணவு வாசனையைப் பிடித்துக் கார்க் கதவையே வளைத்துத் திறந்தன. 1998-ஆம் ஆண்டில் மட்டும் அங்கே 1,500-க்கும் மேற்பட்ட கரடிச் சம்பவங்கள் பதிவாயின. அதன் பிறகு கரடியால் திறக்க முடியாத இரும்புப் பெட்டிகள் பெருமளவில் வைக்கப்பட்டன. இரவில் காருக்குள் உணவு வைப்பதற்குத் தடை கடுமையாக்கப்பட்டது. சம்பவங்கள் பெருமளவு குறைந்தன. மாறியது மனிதரின் பழக்கம்தான்.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். நமக்குப் போவது ஒரு வைப்பர். விலங்குக்குப் போவது உயிர். மனித உணவுக்குப் பழகிய கரடி ஆபத்தானதாகிவிட்டால், கடைசியில் அதைக் கொல்ல வேண்டிய நிலை வருகிறது. ஆடுகளைத் தாக்குகிறது என்று கியாவின் தலைக்கு விலை வைத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1970 வரை சுமார் 1,50,000 பறவைகள் கொல்லப்பட்டதாக மதிப்பிடப்படுகிறது. 1986-இல்தான் அதற்கு முழுப் பாதுகாப்பு கிடைத்தது. இன்று சில ஆயிரம் மட்டுமே மிச்சம். நாம் "தொல்லை" என்று சொல்லும் நீண்டவால் குரங்கையும் அனைத்துலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2022-இல் அழியும் ஆபத்திலுள்ள இனமாக வகைப்படுத்தியது.

அப்படியானால் என்ன செய்யலாம்? நம் நாட்டு மலைகளுக்குத் தார்ப்பாய் தேவையில்லை. சில எளிய பழக்கங்கள் போதும்.

• நாசி லெமாக் பொட்டலம், பழத்தோல், காலி நெகிழிப்பை எதையும் காருக்குள் கண்ணில் படும்படி விடாதீர்கள். கரடி நடமாடும் நாடுகளில் பற்பசை, சோப்பு போன்ற மணமுள்ள பொருள்களும் காரில் இருக்கக் கூடாது.

• ஜன்னலை முழுமையாக மூடுங்கள். பக்கக் கண்ணாடிகளை மடக்கித் துணிப்பையால் மூடிவிடுங்கள்.

• குப்பைத்தொட்டிக்கு அருகிலும், மரக்கிளைகளுக்கு நேர்கீழும் காரை நிறுத்தாதீர்கள்.

• கிளப்பும் முன் காரின் அடியிலும் சக்கர இடுக்கிலும் பாருங்கள். என்ஜின் மூடியை இரண்டு முறை தட்டுங்கள். பூனை, எலி, பாம்பு எதுவும் அங்கே புகுந்திருக்கலாம்.

• குரங்கு காரின்மேல் இருந்தால் கல்லெறியாதீர்கள், பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள். அது மிரட்டலாகத் தோன்றும். விலகி நின்றால் பெரும்பாலும் தானே போய்விடும். தொல்லை தொடர்ந்தால் பெர்ஹிலித்தானுக்குத் தெரிவியுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உணவு கொடுக்காதீர்கள். இன்று பாசத்தோடு நீங்கள் நீட்டும் ஒரு துண்டு ரொட்டிதான், நாளை இன்னொருவர் காரின் ரப்பரைக் கிழிக்க அந்தக் குரங்குக்குத் தரும் பயிற்சி. அடுத்த வாரம் நண்பர்களோடு மலையேறப் போகிறீர்களா? உங்கள் பட்டியலில் இன்னும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: "காரில் உணவு இல்லை."