தடுப்பது அரசியல் சட்டமா, செனட்டா?

டிக் ஹெல்லர் வாஷிங்டனில் மத்திய அரசின் நீதித்துறைக் கட்டடத்தில் காவல் வேலை பார்த்தவர். பணி நேரத்தில் இடுப்பில் கைத்துப்பாக்கி வைத்திருக்கலாம். அதேபோல் ஒன்றை வீட்டிலும் வைத்துக்கொள்ள மனுப் போட்டார். நகர நிர்வாகம் மறுத்துவிட்டது. 1976-ல் அந்நகரம் இயற்றிய சட்டம் அப்படி. நீளத் துப்பாக்கியைக்கூடத் தோட்டாவை எடுத்துவிட்டு, கழற்றியோ பூட்டியோதான் வீட்டில் வைக்க வேண்டும்.

நான் வக்கீல். இந்த வழக்கு கட்டப்பட்ட விதத்தை ரசித்துப் படித்தேன். சொந்தப் பணத்தைப் போட்டு நடத்திய ராபர்ட் லெவி வாழ்நாளில் துப்பாக்கியே வைத்திருந்தவரல்ல. அவருக்கு அது கொள்கைப் பிரச்சினை. ஆறு பேரை மனுதாரர்களாகத் திரட்டினார்கள். மேல்முறையீட்டில் நிலைத்தவர் ஹெல்லர் மட்டும். மனுக் கொடுத்து, மறுப்பு வாங்கியிருந்தவர் அவர் ஒருவர்தானே! காகிதம் இல்லாமல் கோர்ட் படி ஏறாதீர்கள் என்று ஜூனியர்களிடம் சொல்லும்போதெல்லாம் ஹெல்லரைத்தான் உதாரணம் காட்டுவேன்.

1791-ல் அமெரிக்க அரசியல் சட்டத்தில் சேர்ந்த இரண்டாவது திருத்தம் ஒரே ஒரு வாக்கியம். சுதந்திர நாட்டின் பாதுகாப்புக்கு ஒழுங்கான குடிப்படை தேவை என்கிறது முன்பாதி. ஆயுதம் வைத்திருக்க மக்களுக்குள்ள உரிமையில் கைவைக்கக் கூடாது என்கிறது பின்பாதி. அப்படியானால் இது குடிப்படைக்கான உரிமையா, தனிமனிதனுக்கானதா? 2008 ஜூன் 26 அன்று ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-4 என்று பிரிந்து, தனிமனிதனுக்கே என்றது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஸ்காலியா. முன்பாதியை வெறும் முகவுரையாக ஒதுக்க முடியாது என்று எதிர்த்து எழுதிய நீதிபதி ஸ்டீவன்ஸ் பக்கமே நியாயம் அதிகம் என்பது என் கருத்து. பணி ஓய்வுக்குப் பிறகு, 2018-ல், அந்தத் திருத்தத்தையே நீக்கிவிடுங்கள் என்று அவர் எழுதினார். நடக்கிற காரியமா? அதற்கு 38 மாநிலங்கள் சம்மதிக்க வேண்டும்.

ஆனால் ஹெல்லர் தீர்ப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் தாண்டிப் போகும் ஒரு பகுதி அதிலேயே இருக்கிறது. குற்றவாளிகளுக்கும் மனநோய் உள்ளவர்களுக்கும் உள்ள தடை, பள்ளி, அரசு அலுவலகங்களுக்குள் உள்ள தடை, விற்பனைக்கான நிபந்தனைகள், இவை எதையும் இத்தீர்ப்பு அசைக்கவில்லை என்று ஸ்காலியாவே எழுதியிருக்கிறார்.

உரிமை கேட்பவர்கள் எல்லாரும் வெறியர்கள் என்ற நினைப்பு நம்மில் பலருக்கு உண்டு. சிகாகோவின் ஓட்டிஸ் மெக்டொனால்ட் 70 வயதைத் தாண்டிய கறுப்பினத்தவர். வீட்டில் பல முறை திருட்டு. கைத்துப்பாக்கி கேட்டார், நகரச் சட்டம் விடவில்லை. உள்நாட்டுப் போருக்குப் பின் தெற்கு மாநிலங்கள் விடுதலை பெற்ற கறுப்பர்களிடமிருந்து ஆயுதங்களைப் பறித்த வரலாறு அவர் வழக்கில் வந்தது. 2010-ல் அவரும் வென்றார். அந்த வரலாற்றை எளிதாகத் தள்ளிவிட என்னால் முடியவில்லை.

இனி செனட்டுக்கு வருவோம். 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். உரிமம் பெற்ற கடையில் துப்பாக்கி வாங்குவோருக்கு 1993-ன் பிரேடி சட்டப்படி பின்னணிச் சோதனை உண்டு. தனிநபர் தனிநபருக்கு விற்றால் மத்தியச் சட்டம் அதைக் கேட்பதில்லை. துப்பாக்கிச் சந்தைகளிலும் இணையத்திலும் நடக்கும் விற்பனைக்கும் சோதனையை விரிவாக்க, அந்தப் படுகொலைக்குப் பின் மாஞ்சின், டூமி என்ற இரு செனட்டர்கள் திருத்தம் கொண்டுவந்தார்கள். இருவருமே துப்பாக்கி உரிமையை ஆதரிப்பவர்கள். 2013 ஏப்ரலில் கிடைத்த வாக்கு 54, எதிராக 46. பெரும்பான்மை இருந்தும் தோல்வி, ஏனென்றால் விவாதத்தை முடிக்கவே 60 வேண்டும் என்பது செனட் விதி. 6 லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கும், சுமார் 4 கோடிப் பேர் வாழும் கலிஃபோர்னியாவுக்கும் அங்கே தலா இரண்டு ஓட்டு.

1994-ல் வந்த தாக்குதல் ரகத் துப்பாக்கித் தடையின் கதையும் இதுவே. பத்தாண்டு கெடு வைத்த சட்டம் அது, 2004-ல் காலாவதியானது. எந்த நீதிமன்றமும் ரத்து செய்யவில்லை. புதுப்பிக்க நாடாளுமன்றத்தில் ஆள் இல்லை.

நீதிமன்றம் நிரபராதி என்று சொல்ல வரவில்லை. 2022 ஜூன் 23 அன்று, உவால்டே பள்ளியில் 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் கொல்லப்பட்டு ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், நியூயார்க்கின் நூற்றாண்டு பழைய உரிமச் சட்டத்தை அது செல்லாததாக்கியது. எந்தக் கட்டுப்பாட்டுக்கும் பழைய மரபில் ஒப்புமை காட்ட வேண்டும் என்றார் நீதிபதி தாமஸ். விளைவு? வீட்டு வன்முறைக்காக நீதிமன்றத் தடையுத்தரவுக்கு உள்ளானவர்களும் துப்பாக்கி வைத்திருக்கலாம் என்று கீழ்மன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. அக்காலத்தில் அப்படித் தடை இல்லையாம். அக்காலத்தில் மனைவிக்கு ஓட்டும்தான் இல்லை. 2024-ல் உச்ச நீதிமன்றம் 8-1 என்று அதைத் திருத்தியது. அந்த ஒருவர் தாமஸ்.

நியூயார்க் தீர்ப்பு வந்த அதே நாளில் செனட், 21 வயதுக்குட்பட்டோர் துப்பாக்கி வாங்கும்போது கூடுதல் சோதனை கோரும் சட்டத்தை 65-33 என நிறைவேற்றியது. குடியரசுக் கட்சியினரில் 15 பேரும் அதை ஆதரித்தார்கள். இரண்டாவது திருத்தம் அன்றும் அங்கேயேதான் இருந்தது.

அடுத்த முறை தொலைக்காட்சியில் யாராவது, அரசியல் சட்டம் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது என்றால் நம்பிவிடாதீர்கள். யார் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்ற பட்டியல் செனட் இணையதளத்தில் பெயர்வாரியாக இருக்கிறது. அதைத் திறந்து பாருங்கள்.