ஜேசிபி வருவதற்கு முன்னால், யார் குடியிருக்கிறார்கள் என்று பாருங்கள்!

சிவகாசியைப் பட்டாசு நகரமாக்கியதில் வறட்சிக்கு முக்கியப் பங்கு உண்டு. மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு. தீக்குச்சியும் பட்டாசும் காய்வதற்கு இது தோதான ஊர். 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்து இங்கே தொடங்கினார்கள். விவசாயத்தைக் கைவிட்ட வானம், தொழிலுக்குக் கைகொடுத்தது.

அதே வறட்சி இந்த மண்ணுக்கு ஒரு கெட்ட பெயரையும் வாங்கிக் கொடுத்திருக்கிறது. 'பொட்டல்', 'தரிசு', 'சும்மா கிடக்கிற நிலம்'. விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டைப் பக்கம் பஸ்ஸில் போகிற யாருக்கும் ஜன்னல் வழியே தெரிவது கருவேலம் புதரும் வெடித்த கரிசலும்தான். அங்கே என்ன இருக்கப் போகிறது என்றுதான் தோன்றும். அதனால், ஒரு ஆலையோ குடோனோ வீட்டுமனையோ போட வேண்டுமென்றால் முதலில் கண்ணில் படுவதும் இந்த நிலம்தான். இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் வரவிருக்கும் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா 2023 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. இந்த மாவட்டத்துக்கு வேலைவாய்ப்பு வேண்டும், தொழில் வேண்டும். அதில் இரண்டு கருத்து இல்லை. கேள்வி வேறு. கட்டுவதற்கு முன்னால் அந்த நிலத்தில் ஏற்கெனவே யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்தோமா?

பொட்டலில் குடியிருப்பவர்கள்

முதலில் மயில். தேசியப் பறவை என்பதோடு, 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் பட்டியலில் இருக்கிறது. அதாவது புலிக்கும் யானைக்கும் என்ன பாதுகாப்போ, அதே பாதுகாப்பு. உடும்பும் அதே பட்டியல்தான். மயில் மரத்தில் அடையும். ஆனால் முட்டையிடுவது தரையில், புதர் மறைவில்.

ஆட்காட்டிக் குருவிக்குப் புதர்கூடத் தேவையில்லை. வெட்டவெளியில் நாலு கூழாங்கல்லுக்கு நடுவே, கல்லைப் போலவே புள்ளி போட்ட முட்டைகளை இட்டுவிடும். இரண்டடி தள்ளி நின்று பார்த்தாலும் முட்டை தெரியாது. கவுதாரியும் தரையில்தான் கூடு வைக்கிறது.

இவர்கள் எல்லாம் நிரந்தரக் குடிகள். சீசனுக்கு வருகிறவர்களும் உண்டு. அக்டோபரை ஒட்டி, மத்திய ஆசியப் புல்வெளிகளிலிருந்து பூனைப்பருந்துகள் தென் தமிழகத்தின் கரிசலுக்கும் புல்வெளிக்கும் வந்து சேருகின்றன. மற்ற பருந்துகளைப் போல மரத்தில் அடையாமல், இரவில் புல்லுக்குள் தரையிலேயே படுத்துத் தூங்கும். மார்ச், ஏப்ரலில் கிளம்பிவிடும்.

எந்த மாதத்தில் பார்த்தீர்கள்?

பெரிய திட்டங்களுக்கு முன்கூட்டியே ஆய்வு செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 2006 செப்டம்பர் 14-ல் வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைதான் அடிப்படை. இதன்படி ஆய்வு செய்பவர்கள், திட்ட இடத்தையும் அதைச் சுற்றிப் பொதுவாக 10 கிலோமீட்டர் வட்டத்தையும் பார்த்து, அங்குள்ள செடி, கொடி, விலங்கு, பறவைகளைப் பதிவு செய்ய வேண்டும். முதல் பட்டியல் உயிரினம் இருந்தால் அதற்கான பாதுகாப்புத் திட்டத்தையும் கொடுக்க வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல். பெரும்பாலான திட்டங்களுக்கு, மழைக்காலம் தவிர்த்த ஏதாவது ஒரு பருவத்தின் தகவல் போதும். விருதுநகரின் பெரிய மழையே அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழைதான். கண்மாய் நிறைவதும், நீர்ப்பறவைகள் இறங்குவதும், தவளைகள் வெளியே வருவதும் அதற்குப் பிறகுதான். ஏப்ரல், மே வெயிலில் ஒரு குழு வந்து நடந்தால் என்ன கிடைக்கும்? வறண்ட கண்மாய், காய்ந்த புல். பூனைப்பருந்து ஊருக்குப் போயிருக்கும். 'குறிப்பிடத்தக்க உயிரினம் இல்லை' என்று எழுதினால் அது பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை.

இங்கிலாந்தில் இதைக் கொஞ்சம் கறாராகவே பார்க்கிறார்கள். அங்கே குளங்களில் வாழும், பல்லி போலத் தோற்றமளித்தாலும் தவளைக்குச் சொந்தமான 'கிரேட் கிரெஸ்டட் நியூட்' என்றொரு உயிரிக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. மனைக்கு அருகே குளம் இருந்தால், அதன் தண்ணீரை எடுத்து மரபணுச் சோதனை செய்வார்கள். அந்தச் சோதனைக்கான காலம் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் இறுதி வரை மட்டுமே. அந்த இரண்டரை மாதத்தைத் தவறவிட்டால், இந்தச் சோதனைக்கு அடுத்த வருடம்தான். ஒரு சின்ன உயிரிக்காக இவ்வளவா என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் அது எப்போது வெளியே வருமோ அப்போது போய்ப் பார்த்தால்தான் அது பார்வை.

நல்ல கணக்கெடுப்பு எப்படி இருக்கும்?

முதல் வேலை காகிதத்தில். ஓடை எங்கே போகிறது, கண்மாய் எவ்வளவு தூரம், காட்டின் எல்லை எங்கே என்று வரைபடத்தில் பார்ப்பது. விருதுநகர் மாவட்டத்தின் மேற்கே மலையடிவாரத்தில், 1988-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயம் இருக்கிறது. 2021-ல் அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாகிவிட்டது.

அடுத்தது நடை. விடிந்தும் விடியாமலும் ஒரு முறை, பொழுது சாயும்போது ஒரு முறை, ஒரே பாதையில் பல நாள்கள். இரவில் டார்ச் அடித்தால் கண்கள் மின்னும். தேவாங்கைத் தேடுவது இப்படித்தான். வளை, காலடித்தடம், எச்சம், உதிர்ந்த இறகு என எல்லாமே சாட்சி. சந்தேகமான இடத்தில் தானியங்கி கேமரா கட்டுவார்கள்.

மூன்றாவது, பேச்சு. கிடை போடுகிற ஆட்டுக்காரர்களுக்குத் தெரியாத கரிசல் கிடையாது. எந்தப் புதரில் மயில் முட்டையிடும், எந்த ஓடையில் நரி இறங்கும் என்பதை அவர்கள் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் சொல்லிவிடுவார்கள்.

இப்படிப் பார்த்தால் திட்டமே நின்றுவிடும் என்று பயப்படத் தேவையில்லை. பல இடங்களில் மாற வேண்டியது தேதியும் வரைபடமும்தான். குஞ்சு பொரித்துப் போகும்வரை புதரை வெட்டாமல் இருக்கலாம். ஓடைக் கரையை விட்டுவிட்டு ஷெட்டைத் தள்ளிப் போடலாம். பட்டாசு ஆலைகளில் விபத்து பரவாமலிருக்க அறைக்கும் அறைக்கும் நடுவே இடைவெளி விடுவது கட்டாயம். காய்ந்த புல்லையும் புதரையும் அகற்றுவதும் பாதுகாப்புக்கு அவசியம். அகற்றுவதற்கு முன்னால் ஒரு முறை நடந்து பார்த்துவிட்டு அகற்றலாம் அல்லவா?

அரிட்டாபட்டி சொன்ன பாடம்

முன்கூட்டியே கணக்கு வைத்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பக்கத்து மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. மதுரை மாவட்டம் மேலூர் அருகே அரிட்டாபட்டி. அந்தக் குன்றுகளில் சுமார் 250 வகைப் பறவைகள் பதிவாகியிருக்கின்றன. லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராஜாளி எனப் பெரிய வேட்டைப் பறவைகளும், எறும்புதின்னி, தேவாங்கு, மலைப்பாம்பும் உண்டு. இந்தப் பதிவுகளின் பலத்தில் 2022 நவம்பர் 22-ல், அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் சுமார் 193 ஹெக்டேர், தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது.

இரண்டே ஆண்டுகளில் சோதனை வந்தது. 2024 நவம்பரில், அந்தத் தலத்தையும் உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானது. டிசம்பர் 9-ல் சட்டமன்றம் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. ஜனவரி 7-ல் மேலூரிலிருந்து மதுரைக்கு விவசாயிகள் பேரணியாக வந்தார்கள். 2025 ஜனவரி 23-ல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்பதும் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. மக்களின் போராட்டம்தான் வென்றது. ஆனால் அவர்கள் கையில் ஏற்கெனவே ஒரு பட்டியலும் ஓர் அரசாணையும் இருந்தன. சுரங்கம் அறிவித்த பிறகு பறவை எண்ணத் தொடங்கியிருந்தால் நேரம் இருந்திருக்குமா?

சின்ன மனைக்கு யார் பார்ப்பார்கள்?

20,000 சதுர மீட்டருக்குக் குறைவான, அதாவது சுமார் 2.15 லட்சம் சதுர அடிக்குக் கீழான கட்டடங்களுக்கு இந்தச் சுற்றுச்சூழல் அனுமதியே தேவையில்லை. அதற்கு மேற்பட்ட கட்டடத் திட்டங்களுக்கும் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கிடையாது. ஆகவே வீடு, குடோன், சின்ன ஆலை எல்லாமே நம் பொறுப்பில்தான் இருக்கின்றன.

சட்டம் பட்டா நிலத்திலும் செல்லும். 'வேட்டை' என்ற சொல்லுக்கு வனவிலங்குச் சட்டம் தரும் விளக்கத்தில், பறவை மற்றும் ஊர்வனவற்றின் முட்டையைச் சேதப்படுத்துவதும், கூட்டைக் கலைப்பதும் அடங்கும். முதல் பட்டியல் விலங்கு என்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் குறைந்தது 25,000 ரூபாய்.

'மயிலால் எங்கள் பயிரே போகிறது' என்று விவசாயிகள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. புதரை ஒரே நாளில் வழித்தெடுத்தால், அதிலிருந்த மயில் அடுத்து எங்கே போகும்? பக்கத்து மக்காச்சோளத்துக்குத்தான். எத்தனை மயில், எங்கே அடைகிறது என்ற கணக்கு விவசாயிக்கும் உதவும்.

நீங்கள் செய்யக்கூடியவை

- மனையைச் சுத்தம் செய்வதற்கு முன் நாலைந்து விடியற்காலை நடந்து பாருங்கள். கூடு, முட்டை, வளை தெரிந்தால் தொடாமல் வனத்துறை ரேஞ்சர் அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.
- பார்த்த பறவையை இடம், தேதியோடு 'இ-பேர்டு' செயலியில் பதிவிடுங்கள். பின்னால் யாரும் எடுத்துப் பார்க்கலாம்.
- கருத்துக் கேட்புக் கூட்டம் உள்ள திட்டங்களுக்குக் குறைந்தது 30 நாள் முன்பே பத்திரிகையில் அறிவிப்பு வரும். தமிழ்ச் சுருக்கமும் கிடைக்கும். அதில் 'எந்த மாதத்தில் ஆய்வு செய்தீர்கள்?' என்ற வரியை முதலில் தேடுங்கள்.
- 2002-ம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்க வேண்டும். அடுத்த கிராம சபையில் அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உங்கள் ஊர் ஆட்காட்டி அதில் இல்லையென்றால், சேர்க்கச் சொல்லுங்கள்.